இருசப்பன் பால் பண்ணை

மணியம்மாள்: திரும்பச் சொல்லு. நீ யாரு?

இருசப்பன்: இருசப்பன்.

மணியம்மாள்: அது எனக்குத் தெரியாதா? புகழேந்திக்கு நீ யாரு?

இருசப்பன்: அப்பன்.

மணியம்மாள்: அய்யோ... காலைலேருந்து தொண்டத்தண்ணி வத்தச் சொல்லிக்கினு இருக்கேன்! நீ அவனுக்கு அப்பன் இல்ல. மொதலாளி!

இருசப்பன்: இருவத்தாறு வருசம் கழிச்சு பெத்தவளே வந்து நீ அப்பன் இல்லன்னு சொல்ற. இத நா யாருகிட்ட போய்ச் சொல்றது?

மணியம்மாள்: வாயக் கழுவு! பத்து மணிக்கு நியூசிலாந்துலேருந்து போன் வரும். இன்னும் கால் மணி நேரந்தான் இருக்குது. வெளையாடாத.

இருசப்பன்: மொதலாளின்னா கூலியாளு வேணுமே. எங்கிட்ட வேலை செஞ்சவன் யாரு?

மணியம்மாள்: உம் புள்ளதான். "இருசப்பன் பால் பண்ணை, அபிஷேகப்பாக்கம். நாலு வருசம் வேலை பாத்தேன்"னு போன வாரம் எழுதிக் குடுத்துட்டான். முந்தாநேத்து எனக்குப் போன் பண்ணி, அப்பாவ மொதலாளி மாதிரி பேசச் சொல்லும்மான்னு கெஞ்சறான்.

இருசப்பன்: இருசப்பன் பால் பண்ணையா? அது எங்க இருக்குது?

மணியம்மாள்: நம்ம வூட்டுப் பின்னாடி. கொட்டாயில.

இருசப்பன்: அது செவல மாடும் அதோட கன்னுக்குட்டியும்டி.

மணியம்மாள்: அதாய்யா பண்ணை.

இருசப்பன்: ரெண்டு உருப்படி. அதுல ஒண்ணு இன்னும் தாய் மடியத்தான் முட்டிக்கினு இருக்குது.

மணியம்மாள்: எத்தினி மாடுன்னு கேட்டா, "தேவைக்கு இருக்குது"ன்னு சொல்லு. அவங்க பண்ணையில எட்நூறு மாடாம்.

இருசப்பன்: எட்நூறா! யம்மா... இங்க ஒத்த மாட்டுச் சாணிய அள்ளுடான்னா மூக்கப் பொத்திக்கினு ஓடுனவன். "நா இதுக்கா பி.காம். படிச்சேன்"னு எங்கிட்டயே கேட்டான். ஓடி ஓடி, கடலெல்லாம் தாண்டி, எட்நூறு மாட்டு வாலுகிட்ட போய் நின்னிருக்கான் பாரு!

மணியம்மாள்: சிரி. நல்லா சிரி. பதினாலு மாசமா பெத்த புள்ளகிட்ட பேசாத வாயி, சிரிக்க மட்டும் காது வரைக்கும் போவுது.

இருசப்பன்: அவனுந்தான் பேசல.

மணியம்மாள்: "வாசப்படி தாண்டுனா திரும்பி வராத"ன்னு சொன்னது யாரு?

இருசப்பன்: ...கோவத்துல சொல்றதுதான். அவன் ஏன் தாண்டுனான்?

மணியம்மாள்: டிக்கெட்டு எடுத்தாச்சேய்யா!

இருசப்பன்: அங்க வேலை கொட்டிக் கெடக்குதுன்னான். ஆபீஸுன்னான், ஏ.சி.ன்னான். அதெல்லாம் இன்னா ஆச்சு?

மணியம்மாள்: அங்க போய்ச் சேந்த படிப்பு முடிஞ்சு நாலு மாசமா அலையறான். எறநூறு எடத்துல கேட்டுட்டானாம். கணக்கு எழுதற வேலைக்குப் போனா, இந்த ஊர்ல முன்ன வேலை செஞ்ச அனுபவம் இருக்குதான்னு கேக்கறாங்களாம். துணிக்கடையில போனா அதையே கேக்கறாங்க. தட்டு கழுவற எடத்துலயும் அதையே...

இருசப்பன்: இன்னாடி அநியாயமா இருக்குது. நேத்து வந்து எறங்குனவனுக்கு அந்த ஊரு அனுபவம் எங்கருந்து வரும்? எவனாவது ஒருத்தன் மொதல்ல வேலை குடுத்தாத்தான?

மணியம்மாள்: அதத்தான் அவனும் கேக்கறான். ஒரு ஓட்டல்ல மொதலாளியம்மா கையில எலுமிச்சம்பழம் குடுத்துட்டு வேலை கேட்டானாம்.

இருசப்பன்: அது மரியாததான். நம்ம பாகூர் பக்கத்துல யாரப் பாக்கப் போனாலும் பழம் குடுத்துட்டுத்தான வாயத் தொறப்போம். அந்தம்மா இன்னா சொல்லுச்சாம்?

மணியம்மாள்: வாங்கி மோந்து பாத்துட்டு, "பழம் நல்லாத்தான் இருக்குது. ஆனா எங்களுக்கு வேற எடத்துலேருந்து லோடு வருது"ன்னு திருப்பிக் குடுத்துருச்சாம்.

இருசப்பன்: எலுமிச்ச யாவாரின்னு நெனச்சிருச்சா!

மணியம்மாள்: திரும்பவும் சிரிக்கற பாரு. இன்னும் பதினெட்டு நாளு. அதுக்குள்ள வேலை கெடைக்கலன்னா விசா முடிஞ்சிரும். மூட்டையக் கட்டிக்கினு வரணும்.

இருசப்பன்: வரட்டுமே.

மணியம்மாள்: ...இன்னா சொன்ன?

இருசப்பன்: ஒண்ணும் சொல்லல.

மணியம்மாள்: யோவ், என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. நீ வேணும்னே கெடுக்கப் போற.

இருசப்பன்: நா எதுக்குடி கெடுக்கறேன்?

மணியம்மாள்: பக்கத்துத் தெரு காசம்மா புள்ளைக்கு வந்த சம்பந்தத்தக் கெடுத்தியே, அந்த மாதிரி.

இருசப்பன்: நா எங்க கெடுத்தேன்? சொசைட்டியில பால் ஊத்திக்கினு இருந்தேன். பொண்ணு வூட்டுக்காரங்க வந்து பையன் எப்பிடின்னு கேட்டாங்க. இருக்கறதச் சொன்னேன்.

மணியம்மாள்: இன்னா சொன்ன?

இருசப்பன்: "மத்தியானம் வரைக்கும் ரொம்ப நல்லவன்"னு சொன்னேன்.

மணியம்மாள்: அதோட அவங்க வந்த வண்டியிலயே திரும்பிப் பூட்டாங்க! ஆறு மாசமா காசம்மா நம்ம தெருப் பக்கமே தலை காட்டல. அதான்யா எனக்கு ஒதறுது. ஆயிரம் பொய்ய சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு சொல்லுவாங்க. உன் வாயில ஒரு பொய்யி ஒழுங்கா வராது.

இருசப்பன்: இது கல்யாணம் இல்லியே. வேலைதான.

மணியம்மாள்: ரெண்டும் ஒண்ணுதான். பையன் எப்பிடின்னு மூணாவது மனுசன்கிட்ட வெசாரிக்கறாங்க. அந்த ஊர்லயும் அதான் வழக்கமாம். நீ நல்லதா நாலு சொல்லு. கூடவே சின்னதா ஒரு கொறையும் சொல்லு. வெறும் நல்லதாவே சொன்னா யாரு நம்புவா?

இருசப்பன்: கொறையா? அதுக்கு இன்னா பஞ்சம். காலைல அவன் ஏந்திரிக்கற நேரம்...

மணியம்மாள்: அது வேணாம்! அங்க நாலு மணிக்கு வேலை ஆரம்பம்.

இருசப்பன்: சரி. சாணின்னா அவன்...

மணியம்மாள்: வேணாம்!

இருசப்பன்: செவல ஒதைச்சதுலேருந்து மாட்டுப் பக்கமே...

மணியம்மாள்: வேணாம்யா! "கொஞ்சம் கூச்சப்படுவான்"னு சொல்லு. அது எல்லா ஊர்லயும் செல்லும்.

இருசப்பன்: கூச்சமா? அவனா? மாசி மகத்துக்கு ஊரே பாக்க நடு ரோட்டுல ஆடுனவன்டி அவன்.

மணியம்மாள்: நீ கூட ஆடுன, அது வேற கதை. இப்ப நான்தான் அந்த ஆபீஸரம்மா. கேக்கறேன், சொல்லு. வணக்கங்க. பையன் எப்பிடிங்க?

இருசப்பன்: வணக்கம்மா. வூட்ல எல்லாரும் சவுக்கியமா?

மணியம்மாள்: அதெல்லாம் கேக்காத. வேலை எப்பிடிச் செய்வான்?

இருசப்பன்: ...நல்லா செய்வான்.

மணியம்மாள்: மூஞ்சிய ஏன் அப்பிடி வச்சிருக்க?

இருசப்பன்: போன்ல மூஞ்சி தெரியாதுல்ல?

மணியம்மாள்: அய்யோ, அடிக்குது... அடிக்குதுய்யா! பச்சையத் தள்ளு. கீழ இல்ல, மேல தள்ளு. இஸ்பீக்கர்ல போடு, நானும் கேக்கணும்.

ஆண்டாள்: வணக்கம். இருசப்பன் பால் பண்ணைங்களா?

இருசப்பன்: அங்க பின்னால யாரோ...

மணியம்மாள்: சொல்லு!

இருசப்பன்: ஆமாம்மா. பண்ணைதான்.

ஆண்டாள்: என் பேரு ஆண்டாளுங்க. நியூசிலாந்துல ஒரு மாட்டுப் பண்ணை ஆபீஸ்லேருந்து பேசறேன். எனக்கு ஊரு செஞ்சி பக்கம். எங்க மொதலாளிக்குத் தமிழ் வராது, அதான் என்னைய பேசச் சொன்னாரு. நீங்க யாரு பேசறீங்க?

இருசப்பன்: இருசப்பன்மா.

ஆண்டாள்: அப்படிங்களா... வேலை கேட்டிருக்கிற தம்பி பாஸ்போர்ட்டுலயும் புகழேந்தி இருசப்பன்னுதான் இருக்கு. இங்க எல்லாரும் அவர மிஸ்டர் இருசப்பன்னுதான் கூப்பிடறாங்க.

இருசப்பன்: இன்னாது? என் பேரச் சொல்லியா?

ஆண்டாள்: ஆமாங்க. இந்த ஊர்ல பின்னாடி இருக்கிற பேரச் சொல்லித்தான் மரியாதையா கூப்பிடுவாங்க.

இருசப்பன்: நாள் பூராவா?

ஆண்டாள்: நாள் பூராவுந்தாங்க.

இருசப்பன்: ...அவன் பேசாமதான் பூட்டான். பேரு கூடவே போயிருக்குது...

மணியம்மாள்: அம்மா, அம்மா! அது வேற இருசப்பன். இருசப்பன் எங்க பக்கத்துச் சாமி பேரும்மா. தெருவுக்கு நாலு இருசப்பன் இருக்கறாங்க. கல்லெடுத்து வீசுனா ஒரு இருசப்பன் மேலதான் வுழும்!

ஆண்டாள்: நீங்க யாருங்கம்மா?

மணியம்மாள்: நானா... நானு... பண்ணை சூப்பர்வைசரு.

இருசப்பன்: ஆமாம்மா. எனக்கும் சேத்து.

ஆண்டாள்: சரிங்க. தம்பி எப்படிங்க?

இருசப்பன்: நல்ல குடும்பம்மா.

ஆண்டாள்: குடும்பமா?

இருசப்பன்: குடி கெடையாது, பீடி சிகரெட்டு கெடையாது. அப்பங்காரன் நாணயஸ்தன். அம்மாக்காரி கொஞ்சம் வாயாடி, ஆனா மனசுல ஒண்ணும் வச்சிக்க மாட்டா. ஒரே புள்ள, பிக்கல் புடுங்கல் இல்ல. மாடி வூடு. ஏரிப் பாசனத்துல ஒரு காணி நெலம், ரெண்டு போகம். ஜாதகம் வேணும்னா...

ஆண்டாள்: ஐயா, ஜாதகம் வேணாங்க! வேலை எப்படிச் செய்வாரு?

இருசப்பன்: வேலையா...

ஆண்டாள்: ஆமாங்க. உங்க பண்ணையில எத்தன மாட்ட பாத்துக்கிட்டாரு?

இருசப்பன்: தேவைக்கு இருக்குதும்மா.

ஆண்டாள்: எத்தனங்க?

இருசப்பன்: தேவை ஒண்ணுதான்.

மணியம்மாள்: கெட்டுது குடி...

ஆண்டாள்: அது என்னங்க பின்னாடி சத்தம்?

மணியம்மாள்: மாடும்மா! பண்ணை மாடுங்க கத்துது. பத்து மணின்னா எல்லாம் சேந்து கத்தும்.

இருசப்பன்: ஒண்ணுதான் கத்துது.

மணியம்மாள்: யோவ்!

ஆண்டாள்: தம்பிக்குப் பால் கறக்கத் தெரியுங்களா?

இருசப்பன்: ...அம்மா. மணி, கையக் கிள்ளாத, வுடு. என்னால ஆவலம்மா. பொய் சொன்னா நாக்கு மேல ஒட்டிக்குது. அவனுக்குப் பால் கறக்கத் தெரியாது. ஏழு மணிக்கு முன்ன கண்ணத் தொறக்க மாட்டான். சாணிய அள்ளச் சொன்னா மூக்கப் பொத்திக்குவான். ஒரு வாட்டி மாடு ஒதைச்சது. அதுலேருந்து பத்தடி தள்ளி நின்னுதான் அதுக்கு வைக்கோலு போடுவான்.

மணியம்மாள்: போச்சு. எல்லாம் போச்சு. எறநூறு கதவு தட்டி ஒரு கதவு தொறந்துது, அதையும் சாத்திட்ட. வரட்டுமேன்னு சொன்னியே, இப்ப திருப்தியா?

ஆண்டாள்: அம்மா, இருங்க இருங்க. ஐயா, இங்க பால மிஷின் கறந்துரும். சாணிய தண்ணி பீச்சி அடிச்சா போயிரும். எங்களுக்கு வேண்டியது கன்னுக்குட்டிய பாத்துக்க ஒரு ஆளு. இந்த ரெண்டு மாசத்துல மட்டும் எறநூறு கன்னு பொறக்கும். குளிரு, மழை, சேறு. போன வருசம் சேர்ந்த ஆளு மூணாம் நாளே பாதியில விட்டுட்டுப் போயிட்டான், நாலு கன்னு செத்துப்போச்சு. அதனால மொதலாளி ஒண்ணே ஒண்ணுதான் கேக்கச் சொன்னாரு. கஷ்டம் வந்தா கன்னுக்குட்டிய விட்டுட்டு ஓடாத ஆளா இவரு?

இருசப்பன்: கன்னுக்குட்டியா...

ஆண்டாள்: ஆமாங்க.

இருசப்பன்: ...அதக் கேளும்மா. அதுக்கு நா பொய் சொல்ல வேணாம்.

மணியம்மாள்: இன்னாய்யா சொல்லப் போற? பயமா இருக்குது...

இருசப்பன்: அவன் கெளம்பறதுக்கு முன்ன, கார்த்திகை மாசம் ஒரு புயலு. ஏரி வழிஞ்சு தெருவுல இடுப்பளவு தண்ணி. செவல போன ஈத்துக் கன்னு ஈன்டு மூணு நாளுதான் ஆயிருந்துது. நா தாய் மாட்ட அவுத்து இழுத்துக்கினு பள்ளிக்கூடத்து மேட்டுக்கு ஓடிட்டேன். அங்க போய் ஏறுனப்பறந்தான் தெரியுது... கன்னு கொட்டாயிலயே கட்டிக் கெடக்குது. பயத்துல மறந்துட்டேன்மா. நாப்பது வருசமா மாடு வளக்கறவன், மறந்துட்டேன்.

ஆண்டாள்: அப்புறம்?

இருசப்பன்: நா திரும்ப எறங்கறதுக்குள்ள எதுக்கால இவன் வரான். தோள் மேல கன்னு. சேறு, மூத்திரம், எல்லாம் இவன் மூஞ்சியில வழியுது. மூக்கப் பொத்தலம்மா அன்னிக்கு. ரெண்டு கையும் கன்னுக் காலுங்கள புடிச்சிக்கினு இருந்துது. அந்தப் பள்ளிக்கூடத்துல மூணு நாளு இருந்தோம். அவன் போர்வையத்தான் அதுக்குப் போத்துனான். மனுசங்களுக்கே எடம் இல்ல, இது எதுக்குன்னு நாலு பேரு சண்டைக்கு வந்தாங்க. அப்ப நானே வெளியில படுத்துக்கறேன்னு எடத்த அதுக்குக் குடுத்துட்டான்.

ஆண்டாள்: நீங்க என்ன சொன்னீங்க அவருகிட்ட?

இருசப்பன்: நானா...

ஆண்டாள்: சொல்லுங்கய்யா.

இருசப்பன்: "கொட்டாயில இருந்த தண்ணி மோட்டர ஏண்டா வுட்டுட்டு வந்த"ன்னு ஏசினேன்மா. மோட்டரு தண்ணியில பூடுச்சு. அதுக்காவ, ஊரே கூடியிருக்குது, அத்தினி பேரு முன்னால ஏசினேன். கன்ன மறந்தது நானு. அந்த வெக்கத்த அவன் மேல கொட்டிட்டேன். "நல்ல காரியம் செஞ்சடா"ன்னு ஒரு வார்த்த... வாய் வரைக்கும் வந்துது. சொல்லல. அதுக்கப்பறந்தான் அவன் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டான்.

மணியம்மாள்: யோவ்... இத எங்கிட்ட கூட நீ சொன்னது இல்ல.

இருசப்பன்: இப்ப சொல்றேன்ல. அழுவாத. அந்தம்மா இன்னா நெனைக்கும்?

ஆண்டாள்: பரவால்லீங்க... நானும்... ஒரு நிமிஷம் இருங்க. சரி. கடைசியா ஒரு கேள்வி. இத எல்லாரையும் கேப்போம். அவரு திரும்பி வந்தா மறுபடி உங்க பண்ணையில வேலைக்கு எடுத்துக்குவீங்களா?

இருசப்பன்: எடுக்க மாட்டேன்.

மணியம்மாள்: அடப்பாவி மனுசா!

இருசப்பன்: இரு மணி. வேலைக்கு எடுக்க மாட்டேன்மா. வூட்டுக்கு வந்தான்னா நானே வாசல்ல நின்னு உள்ள இட்டுக்கினு வருவேன், அது வேற. ஆனா வேலை அவன் அங்கியே செய்யட்டும். ஒரு மாட்ட வச்சிக்கினே நா அவன அந்தப் பேச்சு பேசிட்டேன். எட்நூறு மாடு இருக்கற எடத்துல யாருன்னா ஒருத்தரு அவன நல்லவன்னு சொல்லுவாங்க. அவனுக்கு அது வேணும்மா.

ஆண்டாள்: ஐயா... நீங்க மொதலாளி மாதிரி பேசலியே.

மணியம்மாள்: தாயே, இனிமே மறைச்சு இன்னா ஆவப்போவுது. இவருதான் அவனப் பெத்தவரு. நா அம்மா. பண்ணையும் கெடையாது, சூப்பர்வைசரும் கெடையாது. புள்ள எழுதிக் குடுத்தது பொய்யி. வேற வழி தெரியாம எழுதிட்டான். அதுக்காவ அவன வேணாம்னுடாத. உன் காலப் புடிச்சுக் கேக்கறேன்...

ஆண்டாள்: தெரியும்மா.

மணியம்மாள்: தெரியுமா?

ஆண்டாள்: செஞ்சிக்காரிக்கு அப்பா பேரு எதுன்னு தெரியாதா? நேத்து பாஸ்போர்ட்ட நீட்டினாரு. "ஏம்பா, மொதலாளி பேரும் அப்பா பேரும் ஒண்ணா இருக்கே"ன்னேன். அஞ்சு நிமிஷம் தாங்கல. இந்தக் குளிர்ல நெத்தியெல்லாம் வேர்த்து, எல்லாத்தையும் ஒத்துக்கிட்டு, எழுதினதத் தானே வாங்கிக் கிழிச்சுப் போட்டுட்டாரு. "எங்க அப்பாகிட்டயே கேளுங்க. அவருக்குப் பொய் வராது. அவரு வாயால என்னப் பத்தி ஒரு நல்லது வந்தா, அதுக்கு மேல எனக்கு சர்டிபிகேட்டு இல்ல"ன்னாரு. போய் மொதலாளிகிட்ட சொன்னேன். கேட்டுட்டு வா, நீ சொல்றதுதான்னுட்டாரு.

மணியம்மாள்: அப்ப... வேலை?

ஆண்டாள்: திங்கக்கிழமை சேரலாம்மா. கன்னுக்குட்டி வேலை. விசாவுக்கு எங்க ஆபீஸ்லயே எழுதிக் குடுத்துருவோம்.

மணியம்மாள்: யோவ், கேட்டியா! கேட்டியாய்யா! இன்னா அப்பிடியே உக்காந்திருக்க?

இருசப்பன்: கேட்டேன், கேட்டேன். காது இங்கதான் இருக்குது, கத்தாத.

ஆண்டாள்: இன்னொண்ணையும் மறைச்சுட்டேங்க. கோவிச்சுக்கக் கூடாது. தம்பி வேற எங்கயும் இல்ல, என் பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. நீங்க பேசினது அத்தனையும் கேட்டாரு. இந்தாங்க, பேசுங்க.

புகழேந்தி: ...ப்பா.

மணியம்மாள்: டேய்! கண்ணு! படுபாவி, ஒட்டுக் கேட்டுக்கினா இருந்த? சாப்டியாடா?

புகழேந்தி: சாப்டேம்மா. ப்பா... தப்புதாம்ப்பா. எங்கிட்ட நீ பேச மாட்ட. வேலை விசயம்னா வேத்து ஆளுகிட்டயாவது நீ பேசுவியேன்னுதான் இப்பிடிப் பண்ணேன். நா கேட்டுக்கினு இருக்கறது தெரிஞ்சிருந்தா, நீ இதுல ஒரு வார்த்த கூடச் சொல்லியிருக்க மாட்ட.

இருசப்பன்: போடா போக்கத்தவனே. அந்தம்மா வணக்கம் சொன்னப்பவே பின்னால ஒருத்தன் தொண்டையச் செருமுனான். என் புள்ள செருமல் எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான்டா அத்தினியும் சொன்னேன்.